கையில் வாங்காத பணம்

லஞ்ச ஒழிப்புச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஒரு தடவை லஞ்ச ஒழிப்பு போலீசாருக்குச் சாட்சியாகப் போய் வந்தவன், அவ்வளவுதான். தண்டனையைக் கூட்ட வேண்டும் என்பார் ஒருவர். வழக்கை இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பார் இன்னொருவர். கொடுக்கிறவனையும் பிடித்து உள்ளே போடச் சட்டத்தில் இப்போதே இடம் இருக்கிறது, அதை இன்னும் இறுக்க வேண்டும் என்பார் எங்கள் கண்காணிப்பாளர். பணம் கொடுத்துத் தன் மச்சானுக்குப் பட்டா மாற்றி வாங்கிக் கொடுத்த கதையைப் போன மாதம்தான் பெருமையாகச் சொன்ன மனுஷன் அவர். நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

"உனக்குத்தான் அனுபவம் இருக்கே, சொல்லேன்பா" என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

நான் வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளர். விதைக்கும் உரத்துக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனை ஒரு நாள் காலையில் அதிகாரி தனியாகக் கூப்பிட்டார். லஞ்ச ஒழிப்பு ஆபீசில் அரசு ஊழியர் இரண்டு பேரைச் சாட்சியாகக் கேட்டிருக்கிறார்கள், நீ ஒரு ஆள், வீட்டில்கூடச் சொல்லாதே என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியாது, உத்தரவு. யாரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவர் கொஞ்சம் வெளிறிப்போயிருந்தார். நம் ஆபீசாக இருந்தால் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நானே அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

புகார் கொடுத்தவர் அங்கே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. உட்காரச் சொன்னார்களாம், பரவாயில்லைங்க என்று நின்றுவிட்டாராம். ஐம்பது வயது இருக்கும். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கும் அப்பால், ஒரு ஊரின் காலனி. கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற ஊர். ஊர்க்காரர்களின் கரும்பை வெட்டுகிற வேலை அவருக்கு. சொந்தமாக நிலம் கிடையாது.

அவருக்குத் தொகுப்பு வீடு வந்திருந்தது. இருந்த கூரை வீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு அதே இடத்தில்தான் கட்டியாக வேண்டும், வேறு மனை இல்லை. பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று கட்டக் கட்டத்தான் அரசாங்கம் பணம் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் ஓவர்சீயர் வந்து அளந்து, எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதினால்தான் பணம் இறங்கும். பேஸ்மட்டத்துக்கு லஞ்சம் கேட்டார், இவர் கொடுத்துவிட்டார். லிண்டல் வரைக்கும் சுவர் எழுப்பியதும் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை இவரிடம் ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக நான்கு சுவரும் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன.

"தளம் மட்டும் போட்டுட்டா போதும் சார்" என்றார் என்னிடம். "பொண்ணு தலப்பிரசவத்துக்கு வருது. ஐப்பசி மழையில எங்க படுக்க வைக்கறது?"

அந்தப் பெண்ணைத் தியாகதுருகம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆடிக்கு வந்தபோது ஒரு சான்றிதழ் வாங்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். லஞ்சம் கேட்டால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று அங்கே ஒரு பலகை. அதே அறையில்தான் ஓவர்சீயரும் வந்து உட்காருவார். பலகையைப் படித்தவள் வெளியே வந்து போன் போட்டுவிட்டாள். அப்பா பயந்தார். பெண் விடவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. பொறுமைசாலி. புகார்காரர் கடன் வாங்கிவந்த நோட்டுகளில் ஒரு வெள்ளைப் பொடியைத் தடவச் சொன்னார். ஒரு காவலர் அந்த நோட்டைத் தொட்டுவிட்டு, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் விரலை முக்கினார். தண்ணீர் ரோஜா நிறமாக மாறியது. நோட்டை வாங்குகிறவன் கையிலும் இப்படித்தான் ஆகும், அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் எடுபடாது என்று விளக்கினார். பிறகு நோட்டுகளைப் புகார் கொடுத்தவரின் சட்டைப் பையில் வைத்தார்கள்.

"அவர் கேட்டாத்தான் எடுக்கணும். அவர் கையிலதான் குடுக்கணும். வாங்கினதும் வெளிய வந்து துண்டால மூஞ்சியத் தொடைங்க. புரிஞ்சிதாங்க?"

"சரிங்கம்மா."

இன்னொரு சாட்சி போலீசாரோடு வெளியே நிற்க வேண்டியவர், கூடப் போய்ப் பார்க்கவும் கேட்கவும் வேண்டியவன் நான். வெள்ளைச் சட்டையோடு போனால் ஓவர்சீயர் சந்தேகப்படுவார் என்று என்னை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். அழுக்குச் சட்டை ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள். என் கையைப் பிடித்துப் பார்த்த ஏட்டு, இந்தக் கையைப் பார்த்தால் பூ கட்டுகிறவர்கூட வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டார் என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். புகார் கொடுத்தவரும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஊராட்சி அலுவலக வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். என் பாட்டுக்குச் செருப்போடு உள்ளே போகப்போனவன், மேஸ்திரி என்பது ஞாபகம் வந்து நானும் கழற்றினேன். உள்ளே ஓவர்சீயர் மட்டும் இருந்தார். சின்ன வயதுதான். நெற்றியில் சந்தனம். மேஜையில் அன்றைய பேப்பர் விரித்துக் கிடந்தது. போனைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "மேஸ்திரி, லிண்டலுக்குக் கம்பி ஒழுங்கா போட்டுக்கிறியா?" என்றார். போட்டிருக்குங்க என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அப்புறம் இவரைப் பார்க்காமலே கேட்டார்.

"சொன்னது இன்னாச்சு, கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேங்க."

"ம்."

இவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். இடது கையை வலது முழங்கையில் கொடுத்துக்கொண்டு, குனிந்து, மேஜையின் ஓரத்தில் வைத்தார். வைத்த வேகத்தில் பின்னால் நகர்ந்து வாசற்படிக்கே போய்விட்டார். ஓவர்சீயர் தலையைத் தூக்கவில்லை. பேனாவின் பின்பக்கத்தால் பேப்பரை நகர்த்தி நோட்டுகளை மூடினார். ரெண்டு நாளில் எழுதி அனுப்புகிறேன், கிளம்பு என்றார்.

எனக்குக் கையில், கையில் என்று கத்தலாம் போல இருந்தது. இவர் வெளியே போய்ச் சொன்னபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் நைனார்பாளையம் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் களத்துக்குக் காலனியிலிருந்து வருகிறவர்கள் எதையும் எங்கள் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. அரிவாளாக இருந்தாலும் திருப்பித் தருகிற பணமாக இருந்தாலும் படியில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். அப்புறம்தான் நாங்கள் எடுப்போம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று நாங்கள் மேடை போட்டுப் பேசுவோம். டீக்கடையில் ஒரே டம்ளர்தானே, பஸ்ஸில் ஒரே சீட்டுதானே என்போம். கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் அந்த உடம்பு தானாகக் குனிகிறது. இந்த உடம்பு தானாகக் கையை இழுத்துக்கொள்கிறது. அந்த ஓவர்சீயர் சாமர்த்தியசாலி என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். ஒரு சாமர்த்தியமும் இல்லை. காலனி ஆள் கையிலிருந்து வாங்கிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அவர் பார்த்த தீட்டு அவரைக் காப்பாற்றிவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

போலீசார் உள்ளே வந்தார்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் சோடா உப்புத் தண்ணீர் கலந்து ஓவர்சீயரின் வலது கையை ஒன்றில், இடது கையை மற்றதில் முக்கச் சொன்னார்கள். நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அவன் எதையோ வைத்துவிட்டுப் போனான், நான் போனில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் ஓவர்சீயர். குரலில் நடுக்கம்கூட இல்லை. மேஜையில் இருந்த பேப்பரை அந்தத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தார்கள். அது சிவந்தது. பேப்பரைக் கைது செய்ய முடியாதே.

இன்ஸ்பெக்டர் அம்மா இவரை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

"கையில குடுங்கன்னு எத்தினி தடவ சொன்னேன்?"

"குடுத்தேங்கம்மா."

"எங்க குடுத்தீங்க? மேஜ மேல வச்சிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நீங்களும் கூடத்தானே இருந்தீர்கள், கொடுத்தேனா இல்லையா என்று என்னைக் கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவர் அறிந்த வரையில் அவர் கொடுத்துவிட்டார். பிறந்ததிலிருந்து ஊர்க்காரர்களுக்கு அப்படித்தான் கொடுத்திருக்கிறார். இன்ஸ்பெக்டருக்கு நான் அதைச் சொன்னேன். அவர் வெளி மாவட்டத்துக்காரர். முன்னாடியே இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்றார். யார் சொல்வது? எங்களுக்கே அது கண்ணில் படுவதில்லை.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிகுழாய் இருந்தது. அவர் அங்கே போய், யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த துணி சோப்புத் துண்டை எடுத்துக் கையைத் தேய்த்தார். நுரை சிவப்பாக வந்தது. மனுஷன் பதறிப்போய் இன்னும் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒன்றுமில்லை, பொடிதான், போய்விடும் என்று சொல்லி நான் தண்ணீர் அடித்துவிட்டேன். அந்த ஊரில் அன்று சிவந்த கை அவருடையது மட்டும்தான்.

வழக்கு இருக்கத்தான் செய்தது. ஓவர்சீயரைக் கைது செய்தார்கள், பணி நீக்கம் என்று சொல்ல முடியாது, தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். கொஞ்ச நாளில் ஜாமீன். அப்புறம் வேறு ஒரு ஒன்றியத்தில் அதே நாற்காலி. எம் புக் மட்டும் வழக்குச் சொத்தாகி கோர்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. புதிதாக வந்த ஓவர்சீயர் இவர் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கேஸ் வீடு, கேஸ் முடியட்டும் என்றுவிட்டார். திங்கட்கிழமை மனு நாளில் கொடுக்க நானே இரண்டு மனு எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதால் என்று ஆரம்பித்து இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது.

ஐப்பசியில் பெண் வந்தாள். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. தாயையும் பிள்ளையையும் அந்தச் சுவர்களுக்கு நடுவில், தார்ப்பாய் கட்டித்தான் படுக்க வைத்தார்கள். மலையில் மழை பிடித்துவிட்டால் அடிவாரத்தில் காற்று தாங்காது. ஒரு நாள் விடியற்காலையில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பச்சைக் குழந்தை முழுக்க நனைந்து, சளி பிடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரி. குழந்தை பிழைத்துக்கொண்டது. சம்பந்தி வீட்டார் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கள் ஊருக்கு அழைத்துப்போய்விட்டார்கள். கூரை இல்லாத வீட்டுக்கு இனிமேல் எங்கள் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று சம்பந்தியம்மாள் பத்துப் பேர் முன்னால் சொன்னாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் அழுதார். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் வைத்து, டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

அப்போதெல்லாம் அடிக்கடி வருவார். உள்ளே வரமாட்டார், கேட்டுக்கு வெளியே நிற்பார். பார்த்துவிட்டு நான்தான் இறங்கிப் போவேன். பொங்கலுக்குப் பெண்ணை அனுப்பவில்லை, கோயில் திருவிழாவுக்கும் அனுப்பவில்லை. அவர் மனைவி பஸ் ஏறித் தியாகதுருகம் போய்ப் பேரனை ஒரு நேரம் தூக்கிவைத்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் வேறு ஒரு விஷயத்தோடு வந்தார். ஓவர்சீயருக்கு வேண்டியவர்கள் காலனிக்கு வந்து பேசியிருக்கிறார்கள்.

"பேஸ்மட்டத்துக்குக் குடுத்தேன்னு நானே புகார்ல எழுதி குடுத்துக்கிறேனாம் சார். குடுத்தவனுக்கும் ஜெயிலுதானாம். நெசமா?"

அதற்காகவே சட்டத்தை எடுத்துப் படித்தேன். நிஜம்தான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவன் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். இவர் சொன்னது மாதக்கணக்கு கழித்து. இந்த மாதிரி ஆட்களின் மேல் நாங்கள் கை வைக்கமாட்டோம் என்று இன்ஸ்பெக்டர் அம்மா என்னிடம் சொன்னார். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் வந்தவரை எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள் என்று மட்டும் இவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

பேரன் நடந்து, ஓடி, பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சம்மன் வந்தது. விழுப்புரம் கோர்ட். காலையிலேயே போய்விட்டேன். அவருடைய முறை எனக்கு முன்னால். உள்ளே போனவர் சீக்கிரம் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி நடந்தார். அரசு வக்கீல் வந்து, உங்கள் ஆள் பிறழ் சாட்சி ஆகிவிட்டார் என்றார். ஓவர்சீயர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, போலீசார் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்தேன், மேஜையில் பணம் எப்படி வந்தது என்று தெரியாது. இதைத்தான் சொல்லியிருக்கிறார். 'உங்கள் ஆள்' என்று அந்த வக்கீல் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

அடுத்தது நான். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். எதிர்த் தரப்பு வக்கீல் என்னை அதட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். என் கட்சிக்காரர் அந்தப் பணத்தைக் கையால் தொட்டாரா, ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். ஏன் தொடவில்லை என்று நான் ஆரம்பித்தேன். நீதிபதி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்.

"இல்லை" என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பு என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியேதான் ஆயிற்று.

வெளியே வந்து அவரைத் தேடினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருந்தது. உனக்காகத்தானே இத்தனை பேரும் அலைந்தோம், உனக்காகத்தானே நான் மனு எழுதினேன் என்று கோபமாக வந்தது. பஸ் ஸ்டாண்டில், கள்ளக்குறிச்சி பஸ் நிற்கிற இடத்தில் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன்.

அவர் மனைவிதான் பேசினாள்.

"தளம் போட்டாச்சு சார். போன மாசம் பாக்கிப் பணம் எல்லாம் ஒண்ணா வந்து எறங்கிச்சி. சென்ட்ரிங்கு ஆளுங்களும் அவங்களே வந்தாங்க. பொண்ணு வந்துக்கிது. பேரப் புள்ள எங்க வூட்ல தூங்கறான்."

அவர்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம், வர வேண்டிய வீடு. அதையே அந்தப் பழைய ஓவர்சீயர் ஆள் வைத்து வரவழைத்து அவர்களுக்கு லஞ்சமாகக் கொடுத்துவிட்டான். நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன், அவர் பின்னாலேயே வந்தார்.

"சார், நான் இன்னைக்கி மாத்திச் சொன்னதுக்கு வூட்ட எடுத்துக்க மாட்டாங்களே?"

பொய் சாட்சி சொன்னதற்கு அவர் மேலேயே வழக்குப் போடலாம் என்று அரசு வக்கீல் சற்று முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தார். வீட்டை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுக்கமாட்டாங்க" என்றேன்.